றொசாந்தி பார்க்காமல் விட்ட இலக்கம்

குருநகர் இறங்குதுறைக்குப் போகிற வீதியில் எங்கள் கடை இருக்கிறது. படகு எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற கடை. முன்மேசையில் இரண்டு பேர் இருப்போம். ஒருவன் நான், சிமியோன், இருபத்தாறு வருடமாக அதே கதிரை. மற்றவள் றொசாந்தி. அவள் வந்து பதினொரு வருடம். நான் சாமான் எடுத்துக் கொடுப்பேன், அவள் சாமான் கொடுக்க மறுப்பாள். அவள் மறுப்பதால்தான் கடை ஓடுகிறது என்று முதலாளி எல்லோருக்கும் சொல்லுவார். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

மறுப்பது என்றால் இப்படித்தான். ஒருவர் அவசரமாக வந்து தண்ணிப் பம்புக்கு இறப்பர் கேட்பார். "பழசைக் கொண்டு வாங்கோ" என்பாள். பழசைக் கடலில் எறிந்துவிட்டேன் என்பார். "அப்ப எஞ்சினைக் கொண்டு வாங்கோ" என்பாள். ஒருமுறை நீக்கிலாப்பிள்ளை சம்மாட்டியாரையே திருப்பி அனுப்பினாள். ஐந்து படகு வைத்திருக்கிற மனிதர். அவர் சொன்ன இலக்கத்துக்கும் அவர் வைத்திருந்த எஞ்சினுக்கும் சம்பந்தம் இல்லை என்று இவள் சொல்ல, அவர் கத்திவிட்டுப் போய் வேறு கடையில் வாங்கினார். மூன்றாம் நாள் அவருடைய படகை இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அதன்பிறகு சம்மாட்டியார் எங்கள் கடைக்கு வந்தால் என் பக்கம் பார்ப்பதே இல்லை, நேரே அவளிடம்தான் போவார்.

பழைய துண்டையும் புதிய துண்டையும் பக்கத்தில் வைப்பாள். விரலால் தடவுவாள். இலக்கத்தை வாசிப்பாள், கண்ணுக்கு எட்டாவிட்டால் லாச்சியில் கிடக்கிற பூதக்கண்ணாடியை எடுப்பாள். எல்லாம் ஒத்துவந்தால்தான் பில் எழுதுவாள். முப்பத்து மூன்று வயதில் இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

அவளுடைய கணவன் ஜெனிஸ்ரன் எங்கள் பக்கத்துப் பெடியன்தான். மீன் கொண்டுபோகிற லொறி ஓடினவன். கலியாணம் முடிந்து இரண்டு வருடத்தில் பிரான்சுக்குப் போய்விட்டான். போய் மூன்று வருடம். அங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை, விசா அலுவல் இன்னும் சரிவரவில்லை. பிள்ளை குட்டி இல்லை. தினமும் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டு நாள் கழித்து, கடையில் சனம் இல்லாத நேரம், அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"சிமியோன் அண்ணை, பாஸ்கா அண்டைக்கு இவர் போன் எடுக்கேல்லை."

"வேலையாக்கும்."

"அவர் மறந்துபோனார். அது பரவாயில்லை. நானும் எடுக்கேல்லை. அவர் எடுக்கேல்லை எண்டதே எனக்கு அடுத்த நாள் மத்தியானம்தான் ஞாபகம் வந்தது."

நான் வாய்க்காரன், எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பேன். அன்றைக்குக் கையிலிருந்த பில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"சாப்பிட்டியா எண்டு கேப்பார். ஓம் எண்டுவன். அங்கை குளிரோ எண்டு கேப்பன். ஓம் எண்டுவார். பேந்து ரெண்டு பேரும் போனைப் பாத்துக்கொண்டு இருப்பம். கதைக்க ஒண்டுமில்லாமப் போச்சு அண்ணை. சண்டை பிடிக்கக்கூட ஒண்டுமில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

அதுதான் அவளுடைய கவலை. அதை எப்படித் தீர்ப்பது என்று அவளுக்கே ஒரு யோசனை இருந்தது. ஜெனிஸ்ரன் தன்னோடு வேலை செய்கிற ஒருவனிடம் பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி, லீவு நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் லொறி ஓடுகிற விளையாட்டு ஒன்று விளையாடுகிறானாம். வாரம் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு ஓய்வு நாளில் லொறி ஓடுகிறவனை என்னவென்று சொல்ல! ஆனால் அந்த விளையாட்டில் இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்துகொண்டு ஒரே வீதியில் ஓடலாமாம், ஓடிக்கொண்டே கதைக்கலாமாம். நீயும் ஒரு கொம்பியூட்டர் எடுத்தால் சேர்ந்து ஓடலாம் என்று எப்போதோ சொல்லியிருக்கிறான். அப்போது இவள் சிரித்துவிட்டு விட்டாள். பாஸ்காவுக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

எல்லாச் சாமானும் பொருத்தி முழுதாகப் பூட்டிய கொம்பியூட்டரை யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கலாம். நான் அதைத்தான் சொன்னேன்.

"உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு தெரியாம ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாறதுக்கு நான் என்ன கண் தெரியாதவளோ?" என்று என்மேல் பாய்ந்தாள். "நான் சாமான் சாமானா வாங்கி நானே பூட்டுறன்."

அன்றிலிருந்து மூன்று மாதம் எங்கள் கடையில் இதுதான் கதை. ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி அதில் எழுதத் தொடங்கினாள். எல்லாச் சாமானும் போய் உட்காருகிற பெரிய பலகைக்கு மதர்போர்ட் என்று பெயர். மூளை மாதிரி இருப்பது புறொசெசர். படத்தைத் திரையில் ஓட்டுவதற்குத் தனியாக ஒரு காட். இவற்றுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்க ஒன்று, எல்லாவற்றையும் மூடிவைக்க ஒரு கேசிங். இதெல்லாம் எனக்கு ஏன் தெரிய வேண்டும் என்று கேட்காதீர்கள், பக்கத்துக் கதிரையில் இருந்தால் காதில் விழத்தானே செய்யும்.

அவளுடைய பெரிய தலையிடி என்னவென்றால், முதன்முதலாகப் பூட்டுகிற ஆளிடம் பழசு இல்லை. "பழசைக் கொண்டு வாங்கோ" என்று ஊரையே விரட்டியவளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு துண்டும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் அளந்தாள். படம் ஓட்டுகிற காட் எவ்வளவு நீள அகலம் என்று இணையத்தில் பார்த்து, எஞ்சின் மூட்டுகளுக்குக் கஸ்கெற் வெட்டுகிற தடித்த தாளில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டினாள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கொம்பியூட்டர் கடைக்குப் போய், அங்கே இருந்த ஒவ்வொரு கேசிங்கையும் திறக்கச் சொல்லி உள்ளே வைத்துப் பார்த்தாளாம். இரண்டு கேசிங்கில் தாள் முட்டியது. மூன்றாவதில் ஒரு விரல் இடம் மிச்சம். கடைக்காரப் பெடியன் அவளுக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்திருப்பான். காட் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது அந்த ஒரு விரல் இடம் அப்படியே இருந்தது. அன்றைக்கு முழுக்க அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துத் தாங்க முடியவில்லை.

மதர்போர்டும் ரவுணில்தான் வாங்கினாள். நாட்டுக்கு வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோன நெருக்கடிக் காலத்துக்கு முன்பே வந்து, றாக்கையில் தூசி பிடித்துக் கிடந்த பலகை. பெட்டி உடைக்காதது. எந்த வகைப் புறொசெசர் அதில் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருந்ததைக் கொப்பியில் எழுதி, ஜெனிஸ்ரனுக்கும் அனுப்பினாள். ஏனென்றால் புறொசெசர் மட்டும் தன் பொறுப்பு என்று அவன் சொல்லியிருந்தான்.

"மூளையைத் தான் அனுப்புறாராம்" என்றாள்.

"அதையாவது அனுப்பட்டும்" என்றேன். நீண்ட நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

யாகப்பர் கோயில் திருவிழாவுக்கு ஜெனிஸ்ரனின் அக்கா றெஜினா பிரான்சிலிருந்து வந்தாள். இவளுக்கு மச்சாள். தம்பியை அங்கே கூப்பிட்டதே அவள்தான். பெரிய குரல், பெரிய மனம், யாருக்கும் ஒரு சொட்டுக் குறைய வைக்கமாட்டாள். வந்து தங்கினது றொசாந்தி வீட்டில். புதன்கிழமை பின்னேரம் எனக்கு அழைப்பு வந்தது, பூட்டுகிறபோது ரோச் வெளிச்சம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று. நானும் போனேன்.

மேசையில் எல்லாம் விரித்து வைத்திருந்தாள். றெஜினா தன் பயணப் பெட்டியைத் திறந்து, ஒரு சோடி குழந்தைச் சொக்ஸுக்குள் கையை விட்டு, சின்னப் பிளாஸ்ரிக் கூடு ஒன்றை எடுத்தாள்.

"பெட்டியை எறிஞ்சிட்டன் றொசி. பாரம். பெட்டியோடை கண்டா எயார்போட்டிலையும் ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். சாமான் பத்திரம். நானே கடைக்குப் போய் வாங்கினனான், தம்பிக்கு எங்கை நேரம்?"

நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். பெட்டியை எறிந்த இடத்தில் ஒரு சொக்லேற் பைக்கற் கூட வைக்கலாமே!

றொசாந்தி கூட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். திறந்து, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். கீழே மயிர் மாதிரி நூற்றுக்கணக்கில் ஊசிகள், மேலே வெள்ளித் தகடு, தகட்டில் பொடி எழுத்து. மூலையில் இருந்த முக்கோணக் குறியைப் பலகையின் குறியோடு ஒத்துப் பார்த்தாள். மெதுவாக வைத்தாள். தானாகவே இறங்கி உட்கார்ந்தது. நெம்புகோலை அமர்த்தினாள், குளிர வைக்கிற பசையைத் தடவினாள், அதற்குமேல் ஃபானைப் பூட்டினாள்.

ஒரு சின்ன ஆணியின் இலக்கத்தையே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள், அந்தத் தகட்டில் இருந்த இலக்கத்தை வாசிக்கவில்லை. ரோச் பிடித்துக்கொண்டு நின்ற நான் அதைக் கண்டேன். ஏன் என்றும் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து கொண்டுவந்து தந்த சாமானை, தந்தவர் முன்னாலேயே உருட்டிப் புரட்டி எழுத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. விலை பார்க்கிறாள் என்று நினைப்பார்கள். இல்லாவிட்டால், சொன்னதைத்தான் கொண்டுவந்தேனா என்று சோதிக்கிறாள் என்று நினைப்பார்கள். றெஜினா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானாக இருந்தாலும் வாசித்திருக்கமாட்டேன்.

சுவிச்சைப் போட்டாள். ஃபான் எல்லாம் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. நிறுத்தினாள், திரும்பப் போட்டாள். கறுப்பு.

"காத்தாடி சுத்துதுதானே றொசி, அப்ப வேலை செய்யுதுதானே?" என்றாள் றெஜினா.

"ஓம் மச்சாள். இது சூடாக நேரம் எடுக்குமாக்கும்" என்று இவள் ஒரு பொய் சொன்னாள்.

வியாழக்கிழமை றெஜினா நவநாள் செபத்துக்குக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஃபானைக் கழற்றி, பசையைத் துணியால் துடைத்து, தகட்டை வாசித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் கடைக்கு வந்து கொப்பியை என் முன்னால் வைத்தாள். தான் கேட்ட இலக்கம் ஒன்று, வந்த இலக்கம் இன்னொன்று. வந்தது அதைவிடப் புதியது, வேகம் கூடியது. றெஜினா கடையில் நிற்கிறபோது அங்கிருந்தவர்கள் இதைவிட நல்லது இருக்கிறது, அதே வகைப் பலகையில்தான் பூட்டுவது என்று சொல்லியிருப்பார்கள். தம்பி பெண்சாதிக்குக் குறைந்ததைக் கொடுக்க அவளுக்கு மனம் வருமா? தன் கைக்காசைப் போட்டு நல்லதை வாங்கிவிட்டாள். யாருக்கும் சொல்லவும் இல்லை.

"அப்ப நல்லதுதானே வந்திருக்கு?" என்றேன்.

"நல்லதுதான். ஊசியும் சரி, ஓட்டையும் சரி. ஆனா பலகைக்கு இந்தப் புறொசெசரைத் தெரியாது அண்ணை."

விளங்கப்படுத்தினாள். பலகைக்குள் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறார்களாம். எந்தெந்தப் புறொசெசர் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்ற விபரம் அதற்குள்தான் இருக்கிறது. இவளுடைய பலகை இத்தனை வருடம் கடை றாக்கையில் தூங்கிய பலகை. அது தூங்கிய பிறகு வந்த புறொசெசரை அதற்கு எப்படித் தெரியும்? நிரலைப் புதுப்பித்தால் சரிவந்துவிடும். ஆனால் புதுப்பிப்பதற்குக் கொம்பியூட்டர் ஓட வேண்டும், ஓடுவதற்குப் பலகைக்குத் தெரிந்த ஒரு பழைய புறொசெசர் அதில் இருக்க வேண்டும். விலை கூடிய பலகைகளில் வேறு வழி உண்டாம், இதில் இல்லை.

வாங்கிய கடையில் கேட்டாளாம். வைத்துவிட்டுப் போங்கள், வருகிற கிழமை பார்ப்போம் என்றார்களாம்.

"ஞாயிற்றுக்கிழமை அஞ்சரைக்கு வாறன் எண்டு இவருக்குச் சொல்லிப்போட்டன். மச்சாள் திங்கள் போறா. ஓடுறதைக் கண்ணாலை பாத்திட்டுத்தான் போவன் எண்டு நிக்கிறா."

"ஜெனிஸ்ரனிட்டைச் சொல்லன், அக்கா வேறை சாமான் வாங்கிப்போட்டா எண்டு."

"சொன்னா இவர் உடனை அக்காவோடை சண்டைக்குப் போவார். ஆசையா வாங்கினது அண்ணை. அதை அவவின்ரை முகத்துக்கு நேரை பிழை எண்டு நான் என்னண்டு சொல்லுறது? பிழை என்னிலைதான். வாசிச்சிருக்கோணும். சம்மாட்டியாருக்கு வாய் கிழியக் கதைச்சனான்."

அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். இந்த ஞாயிறும் தவறினால், அது கொம்பியூட்டரோடு போகிற விடயம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஏதோ ஒரு காரணம், இன்னொரு கிழமை, பிறகு இன்னொரு கிழமை, அப்படியே இரண்டு பேரும் சேர்ந்து மறந்துபோவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்குத் தெரிந்து கொம்பியூட்டரோடு கிடந்து உருளுகிற ஒரே ஆள் கோப்பாயில் இருக்கிற கஜீவன். கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற பெடியன், என் மருமகளின் கலியாணத்துக்கும் அவன்தான். கலியாணம் முடிந்து ஏழு மாதத்துக்குப் பிறகு வீடியோ தந்தவன் என்பதால் அவனோடு எனக்குக் கோபம் இருந்தது. கோபத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு அழைத்தேன். அவனுடைய கொம்பியூட்டர் பழையது, புறொசெசரும் அந்தப் பலகைக்குத் தெரிந்த பழைய வகைதான் என்று தெரிந்தது. றொசாந்தி அவனிடம் இலக்கத்தை மூன்று தரம் கேட்டு எழுதிக்கொண்டாள். பாடம் படித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கேசிங்கை ஒரு போர்வையால் சுற்றி ஓட்டோவில் ஏற்றினோம். ஒரு வயர் மாற்றக் கடைக்குக் கொண்டுபோகிறோம் என்று றெஜினாவுக்குச் சொல்லிவிட்டு, கோப்பாய் போகும்வரை றொசாந்தி அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வீதியில் பள்ளம் வரும்போதெல்லாம் ஓட்டோக்காரனுக்கு என்னிடமிருந்து பேச்சு விழுந்தது.

கஜீவன் ஒரு கலியாண வீட்டு வீடியோவின் நடுவில் இருந்தான். திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி உறைந்து நின்றார்.

"அக்கா, இதை நாளைக்குப் பின்னேரம் குடுக்கோணும். மெஷினைக் கழட்டினா என்ரை வேலை நிண்டுபோகும்" என்று தலையைச் சொறிந்தான். "கேமுக்கோ இவ்வளவு அவசரம்?"

நான் ஏதாவது பெரிதாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் றொசாந்தி சொல்லிவிட்டாள்.

"என்ரை மனிசனோடை கதைக்க, தம்பி."

அவன் அவளை ஒரு தரம் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் மாப்பிள்ளையைச் சேமித்து, கொம்பியூட்டரை நிறுத்தி, திருப்புளியை எடுத்தான். ஏழு மாதக் கோபத்தில் ஆறு மாதத்தை நான் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன்.

அவனுடைய புறொசெசர் இவளுடைய பலகையில் ஏறியது. சுவிச்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. கேசிங்குக்குள் இருந்த மற்ற எல்லாச் சாமானும் சரியாகவே இருந்தன என்று அதிலேயே தெரிந்துவிட்டது. றொசாந்தி முழங்காலில் இருந்தபடி நீண்ட மூச்சொன்று விட்டாள்.

"இப்ப நிரலை மாத்துறன்" என்றான் கஜீவன். "நாலைஞ்சு நிமிசம் எடுக்கும். இதுக்கிடையிலை நிண்டுபோச்செண்டா பலகை செத்துப்போகும். பேந்து ஒண்டும் செய்யேலாது. அதுதான் யூபிஎஸ்ஸிலை போட்டிருக்கிறன், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும்."

திரையில் ஒரு கோடு மெதுவாக நீளத் தொடங்கியது. பத்து வீதம். இருபது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாற்பத்தைந்தில் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி ஓய்ந்தது. மேசைக்குக் கீழே இருந்து யூபிஎஸ் கீ, கீ என்று கத்தத் தொடங்கியது. கரண்ட் போய்விட்டது.

"உது எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டேன்.

"வாங்கேக்கை பத்து நிமிசம் தாங்கினது."

"இப்ப?"

அவன் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தான். பற்றறி மாத்த வேண்டும், மாத்த வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகுதான் சொன்னான். நல்லவேளை அப்போது சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஐம்பது. ஐம்பத்தெட்டு. யூபிஎஸ் கத்துகிற வேகம் கூடியது. நான் அந்தோனியாரைக் கூப்பிட்டேன். கஜீவன் சுவரில் இருந்த பிள்ளையாரைப் பார்த்தான். றொசாந்தி யாரையும் கூப்பிடவில்லை, இரண்டு உள்ளங்கையாலும் கேசிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாள், பிடித்தால் நின்றுபோகாது என்பதைப்போல. எழுபது. எண்பத்தொன்று. அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு ஒரே ஓட்டமாக நூறு வந்து, திரை கறுத்து, தானாகவே திரும்பவும் வெளித்தது.

"முடிஞ்சுது" என்றான் கஜீவன். அவன் சொல்லி வாய் மூட முன் யூபிஎஸ் ஒரு நீட்டுக் கத்தல் கத்திவிட்டு அடங்கிப்போனது.

நான் அப்படியே அவனுடைய கதிரையில் இருந்துவிட்டேன். கரண்ட் வரும்வரை அவனுடைய அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தோம். அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. பழைய புறொசெசரைக் கழற்றி, றெஜினா சொக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்ததை வைத்தோம். ஃபான் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழில் திரை வெளித்து, அந்தப் புதிய இலக்கம் வெள்ளை எழுத்தில் வந்து நின்றது. பலகைக்கு இப்போது ஆளைத் தெரிந்துவிட்டது. றொசாந்தி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள். கஜீவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒரு பிஸ்கற் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டான். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஐந்து மணிக்குப் போனேன். கொம்பியூட்டர் மேசையில் எரிந்துகொண்டிருந்தது. றெஜினா பக்கத்தில் நின்று, திரையையும் றொசாந்தியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு திடீரென்று கதிரையில் விழுந்து இருந்தாள்.

"மூண்டு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை" என்றாள். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "தம்பி எழுதித் தந்ததை விட்டிட்டு நான் வேறை வாங்கினனான். அதாலைதான் ஓடேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கிப்போச்சு. உன்னட்டைச் சொல்ல வாய் வரேல்லை. அவனை உன்னட்டை இருந்து கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். கடைசியா உதையும் பழுதாக்கிப்போட்டன் எண்டு நினைச்சன்."

றொசாந்தி போய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

"நீங்கள் கொண்டந்தது நல்ல சாமான் மச்சாள். பலகைதான் பழசு. அது நான் வாங்கினது."

அது முழு உண்மையும்கூட. மூன்று நாளாக ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள், ஆளுக்காள் தெரியாமல் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு சோறு பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

ஐந்தரைக்கு ஜெனிஸ்ரனின் குரல் வந்தது. முகம் இல்லை, குரல் மட்டும். திரையில் இரண்டு லொறிகள் ஒரு பெரிய வீதியில் நின்றன, முன்னால் அவனுடையது, பின்னால் இவளுடையது. முதல் பத்து நிமிடத்தில் இவள் ஒரு மதிலையும் இரண்டு மரத்தையும் இடித்தாள். பிரேக்கை எங்கே அமத்துகிறாய் என்று அவன் கத்தினான். நீங்கள் சொல்லித்தந்த மாதிரித்தான் அமத்துறன் என்று இவள் கத்தினாள். சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றான், வீதிப் பலகையில் இடப்பக்கம் என்றுதான் போட்டிருக்கிறது என்றாள். அரை மணித்தியாலம் நல்ல சண்டை. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை காலமோ! றெஜினா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்து அழுதாள்.

பிறகு வீதி நேராகப் போனது. இரண்டு பேருக்கும் செய்ய ஒன்றுமில்லை, நேரே ஓடுவதுதான். நான் எழும்புவோம் என்று நினைத்தபோது அவன் கதைக்கத் தொடங்கினான். போன வருடம் குளிர் தொடங்கின நேரம் வேலையில் ஒரு பெட்டி விழுந்து முழங்கால் அடிபட்டதைச் சொன்னான். இரண்டு மாதம் நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனதைச் சொன்னான். ஒன்றும் இவளுக்குத் தெரியாது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"போனிலை உன்ரை முகத்தைப் பாத்தா எனக்குக் கதை வராது றொசி. அழுதிடுவன் எண்டு பயம். அதுதான் சாப்பிட்டியா எண்டு கேட்டிட்டு வைச்சிடுவன்."

றொசாந்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணீர் கன்னத்தால் வடிந்தது, துடைக்கவும் இல்லை, இரண்டு கையும் விசைப்பலகையில்தான் இருந்தன. முன்னால் போன லொறி மெல்ல மெல்ல வீதியின் ஓரத்துக்குச் சாயத் தொடங்கியது.

"முதலிலை ரோட்டைப் பாத்து ஓடுங்கோ" என்றாள். "நான் பின்னாலைதான் வாறன். சொல்லுங்கோ, பேந்து முழங்காலுக்கு என்ன செய்தியள்?"

நான் றெஜினாவுக்குக் கையால் சைகை காட்டினேன். இரண்டு பேரும் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம்.